எண்கள் நேராக நின்றால் திரையே மாறிவிடுகிறது

பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இணையச் செயலியைச் சீரமைத்துக் கொடுத்தேன். கணக்கெல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனாலும் சங்கத்தின் செயலாளர், "ஏதோ அரைகுறையாகத் தெரிகிறதே தம்பி, இன்னும் கொஞ்சம் கலர் சேர்த்தால் என்ன?" என்றார்.

நான் நிறங்களைக் குறைத்தேன். நீலத் தலைப்பு, ஆரஞ்சுக் கட்டம் எல்லாம் போய், 'பதிவு செய்' பொத்தானுக்கு மட்டும் பச்சை நின்றது. கட்டக் கோடுகளை எடுத்துவிட்டு இடைவெளிகளை 8, 16, 24 பிக்சல் என்ற வரிசைக்குள் கொண்டுவந்தேன்.

உண்மையான கோளாறு பட்டியலில் இருந்தது. லிட்டர், கொழுப்பு, தொகை எல்லாம் இடப்பக்கம் ஒட்டிக்கிடந்தன. 4.5-க்குக் கீழே 12 வந்தால் எது பெரியது என்று கண் தடுமாறும். எண்களை வலப்பக்கம் ஒதுக்கி, 12-ஐ 12.0 ஆக்கினேன். அப்போதும் லேசாகக் கோணியது. பல எழுத்துருக்களில் 1 ஒடுங்கியும் 8 அகன்றும் இருப்பதுதான் காரணம். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக் என்ற பண்புக்கு டேபுலர்-நம்ஸ் என்று கொடுத்தேன். எழுத்துருவில் அந்த வசதி இருந்தால் எல்லா இலக்கமும் ஒரே அகலம் பெறும். தசமப் புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து நின்றன. எனக்கு இதைவிடப் பிடித்த வரி சிஎஸ்எஸ்ஸில் கிடையாது! பால் ஊற்றுபவர்கள் முதலில் தேடுவது தொகையை என்பதால் அதற்கு மட்டும் தடித்த எழுத்து.

பதில்:

அண்ணா, தூத்துக்குடியில் மீன் ஏலக் கணக்குச் செயலி ஒன்றில் நான் பட்டதையும் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கென்று வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு என வைத்திருந்தார்கள். தமிழில் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ'யை இடித்தது. 1.6 ஆக்கியதும் மூச்சு வந்தது.

அடுத்தது சாம்பல் எழுத்து. பார்வை குறைந்தவர்களும் படிக்கும்படி வகுத்த இணைய அணுகல் வழிகாட்டுதல்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 வேண்டும். வெள்ளைமேல் #999999 என்ற குறியீடுள்ள வெளிர் சாம்பலை வைத்தால் 2.8 அளவுதான் வரும். அதைவிடக் கருமையான #767676 என்றால் தேறிவிடும். ஏலக்கூடத்து வெயிலில் அதுவும் மங்கல்தான் என்பதால் #595959 வரை இறங்கினேன், அது 7-ஐத் தொடுகிறது. அழகு குறைகிறது என்று வடிவமைப்பாளர் வருத்தப்பட்டார். ஏலம் எடுப்பவர் கைபேசியை நெற்றிக்கு அருகே தூக்கிக் கையால் நிழல் கட்டிப் படித்ததை அவர் பார்த்ததில்லை.