பிரசவமாகி 20ஆம் நாள் பொது வார்டில் இறந்தால் பேறுகால மரணக் கணக்கில் வருமா?

கொருக்குப்பேட்டை செவிலி:
எங்க பகுதிப் பெண்கள் பலர் தலைப்பிரசவத்துக்குப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டின்னு அம்மா வீட்டுக்குப் போயிடுறாங்க. திரும்பி வந்தபிறகு மூச்சுத்திணறலோ காய்ச்சலோ வந்து, சென்னையில் பொது மருத்துவ வார்டில் இறந்தால் யார் அறிவிக்கணும்? ரெண்டு மாவட்டமும் "உங்க கேஸ்"னு தள்ளினா?

பதில் (பதிவு பற்றி):
கண்டிப்பா வரும். கர்ப்பம் முடிந்த 42 நாளுக்குள் என்றால் எந்த வார்டு என்பது கேள்வியே இல்லை. கர்ப்பத்தால் மோசமான இதய வால்வு நோயும் சேரும். சாலை விபத்து சேராது. ஆனால் அதைப் பேறுகால மரணங்களை ஆய்வு செய்யும் குழு முடிவு செய்யட்டும், நீங்க முதல்ல அறிவிச்சிடுங்க. இறந்த மருத்துவமனை 24 மணி நேரத்துக்குள் சொல்லணும்.

விடுபடுவது பெரும்பாலும் பிரசவ வார்டுக்கு வெளியேதான். கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்து வந்தவர் அவசரப் பிரிவிலேயே இறந்துவிடலாம். வடசென்னையில் மகப்பேற்றுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனை, மற்றதுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை. ரெண்டும் வேற வேற வளாகம். அதனால் 15 முதல் 49 வயதுப் பெண்களின் இறப்பு எல்லாத்தையும் தினமும் எல்லா வார்டிலும் பாருங்க. இறப்புக் காரணச் சான்றான படிவம் 4இல் கர்ப்பம் பற்றிய கேள்வி இருக்கு. அதைக் காலியா விடவே கூடாது. "இதயம் நின்றது" காரணம் ஆகாது. கருப்பை சுருங்காமல் ரத்தப்போக்கு, அதனால் ரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலை (ஷாக்) என்று சங்கிலியா எழுதணும்.

பதில் (கள விசாரணை பற்றி):
மாவட்டச் சண்டைக்கு மருந்து பிக்மி எண், அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண். அதை வெச்சு ரெண்டு பக்கப் பரிசோதனைப் பதிவையும் ஒண்ணா எடுங்க. மருத்துவமனைக்குள் நடந்ததை மருத்துவமனை விசாரிக்கும்; வீட்டில் நடந்ததை நீங்க. புகுந்த வீடு, அம்மா வீடு ரெண்டுக்கும் போங்க, தனித்தனியாக் கேளுங்க. இறந்தவருக்குக் கர்ப்ப காலப் பரிசோதனை செய்த செவிலியையே அனுப்பாதீங்க, பதில் மாறிடும்.

கேட்க வேண்டியது நேரம்தான்: எப்போ அறிகுறி, எப்போ 108, எப்போ ரத்தம் கேட்டாங்க, ரத்தப் பை எப்போ வந்தது. "ஏன் சீக்கிரம் வரலை"ன்னு கேட்டா குடும்பம் வாயை மூடிக்கும்.

ராயபுரம் வாசகர்:
எண்ணிக்கையோடு நின்றால் பயனில்லை. "பயிற்சி தேவை"ன்னு முடியற அறிக்கை அடுத்த பெண்ணைக் காப்பாத்தாது. இப்படி எழுதணும்: இரவில் ரத்தம் எடுத்து வர ஆள் இல்லை, இன்ன பதவியிலுள்ளவர் இன்ன தேதிக்குள் ஆள் போடணும். அடுத்த மாதக் கூட்டம் அந்த வரியில்தான் தொடங்கணும்.

பெயர்களை நீக்கிட்டுத்தான் விவாதிக்கணும். மெமோ வரும்னு தெரிஞ்சா கேஸ் ஷீட்டில் நேரங்கள் திருத்தப்படும், பிறகு எந்த விசாரணையும் வீண். கேரளாவில் 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களே பெயரில்லாமல் ஆய்வு செய்றாங்க. நம்ம குழுக்களும் முதல்ல அந்தப் பழக்கத்தைத்தான் எடுத்துக்கணும்.