புதுப்பிப்பு: லடாக் ஷாம் பள்ளத்தாக்கு நடை, வீடுகளில் தங்கல் (முடித்தாயிற்று)

லிகிரிலிருந்து டெமிஸ்காம் வரை வழிகாட்டி இல்லாமல் மூன்று நாள் நடக்கலாமா, ஊர் வீடுகளில் இடம் கிடைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. செப்டம்பர் முதல் வாரம் போய்வந்தோம்.

லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம், உயரம் உடம்புக்குப் பழக அங்கே இரண்டு நாள் சும்மா இருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. முதல் நாள் தலைவலி, மூன்றாம் நாள் காலையில் சரியாகிவிட்டது. அப்புறம் போஸ்ட்பெய்டு சிம்; நம்மூர் ப்ரீபெய்டு அங்கே வேலை செய்யாது என்பது உண்மைதான்.

முதல் இரவு யாங்தாங், அடுத்தது ஹெமிஸ் சுக்பச்சன். எதிர்பாராத விஷயம், பார்லி அறுவடை நேரம் என்பதால் யாங்தாங்கில் நாங்கள் கதவைத் தட்டிய வீட்டில் யாருமே இல்லை. மதியமே ஊர் போய்ச் சேருங்கள் என்று இங்கே சொன்னதைக் கேட்டதால் பதற்றமில்லை, நேராக வயலுக்குப் போய் "ஜூலே" என்று வணக்கம் சொன்னோம், அந்த வீட்டு ஆமா-லே (அம்மாவை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள்) அரிவாளை வைத்துவிட்டு வந்து உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார்.

சைவம் என்றால் போனதுமே சொல்லிவிடுங்கள், துக்பாவில் (அந்த ஊர் நூடுல்ஸ் சூப்) இறைச்சி சேர்ப்பதுண்டு. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்தான் தள்ள வேண்டும், அது வயலுக்கு உரமாகப் போகிறது. பணம் ரொக்கமாக, லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.