பக்கவாதம் வந்து ஏழு மாசம், அப்பா சேரை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறார்

கரூர் மகள்:
வணக்கம்ங்க. எங்கப்பாவுக்கு வயசு 62. 31 வருஷம் அரசு பஸ்ல கண்டக்டர். அவருக்குன்னு சீட் இருந்தும் உக்காந்து வந்ததில்லைன்னு கூட வேலை பார்த்தவங்க இன்னும் சொல்லுவாங்க. ஏழு மாசத்துக்கு முன்னாடி மூளையோட இடது பக்கம் ரத்தக்குழாய் அடைச்சு, வலது கை கால் விழுந்துருச்சு. பேச்சு திரும்பிருச்சு, கொஞ்சம் குழறும். நாலு கால் ஸ்டிக்கை ஊன்றி பாத்ரூம் வரைக்கும் தனியா நடப்பார்.

ஆனா நடக்கறதில்லை. காலைல ஆறரைக்கு வாசல் பக்கத்து பிளாஸ்டிக் சேர்ல உக்கார்ந்தா சாப்பாடு, டிவி எல்லாம் அங்கேயேதான். ஒரு ஞாயித்துக்கிழமை கணக்கு வெச்சுப் பார்த்தேன். ராத்திரி 9 மணி வரைக்கும் எந்திரிச்சது நாலே தடவை, நாலும் பாத்ரூமுக்கு. "சோம்பேறித்தனம், அம்மா செல்லம் குடுத்துக் கெடுக்குது"ன்னு அண்ணன் கத்தறான். அப்பா பதிலே பேசறதில்லை.

போன வாரம் என் பையன் பீரோவுல கிடந்த அவரோட பழைய விசிலை எடுத்து ஊதினான். அப்பா அழ ஆரம்பிச்சு கால் மணி நேரம் நிறுத்தலைங்க. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கட்டாயப்படுத்தி நடக்க வைக்கணுமா, அவர் போக்குல விட்டுடணுமா?

தஞ்சாவூர் அம்மா:
அம்மாவைத் திட்டாதீங்கம்மா. என் வீட்டுக்காரருக்கு வந்தப்ப நானும் அப்படித்தான் இருந்தேன். எந்திரிச்சா விழுந்துடுவாரோன்னு ஈரக்குலை நடுங்கும். தண்ணி, மாத்திரை, சீப்பு எல்லாம் கையிலேயே குடுத்தேன். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா எந்திரிக்க அவருக்கு ஒரு காரணமும் நான் மிச்சம் வைக்கலை. அப்புறம் தண்ணிச் சொம்பை நாலு எட்டு தள்ளி ஜன்னல் மேடையில வெச்சேன். முதல் ரெண்டு நாள் கோபத்துல தண்ணியே குடிக்கலை. நான் சமையக்கட்டுல நின்னு அழுதேன். மூணாம் நாள் போனார்.

தையல் கடை:
எனக்கு 2019ல வந்தது. எனக்கும் வலது பக்கம்தான். இடது கையால தட்டறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும் தங்கச்சி, அது சோம்பேறித்தனம் இல்லை. எந்திரிக்கணும்னு ஒரு நாளைக்கு நூறு தடவை நெனைப்பேன். உடனே ஒண்ணொண்ணா வரும். ஸ்டிக் எங்கே, செருப்பு கால்ல நிக்காதே, வாசப்படி ரெண்டு இருக்கே, எதிர்வீட்டுக்காரர் "இப்ப எப்படி இருக்கு"ன்னு கேப்பாரே. இதெல்லாம் நெனைச்சு முடிக்கறதுக்குள்ள களைச்சுடும். தூங்கி எந்திரிச்சாலும் போகாத களைப்பு அது. உக்கார உக்கார மனசு இருண்டுச்சு, மனசு இருள இருள இன்னும் உக்காந்தேன். அன்னிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்னு தோணும். வீட்டுல யாருக்கும் தெரியாது. ஒரு டாக்டர் நேரா என் கண்ணைப் பார்த்து "சாகணும்னு தோணுதா"ன்னு கேட்டார். அன்னிக்குத்தான் வாய் திறந்தேன். அதனால அப்பாகிட்டயும் நீங்க கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே உண்டாக்கிடுவோமோன்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது.

மருந்தோட என்னை எழுப்பினது எங்க கடைப் பையன். "அளவு நோட்டுல உங்க எழுத்து புரியலை, சாயங்காலம் வந்து படிச்சுச் சொல்லுங்க மாஸ்டர்"னு ஆள் அனுப்பிச்சான். அஞ்சு கடை தள்ளித்தான் எங்க கடை. முதல் நாள் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆச்சு. பிசியோ நடன்னு சொன்னப்ப வராத கால், ஒரு ஜாக்கெட் அளவுக்காக வந்துச்சு. உங்க அப்பாவுக்கு அந்த அளவு நோட்டு எதுன்னு தேடுங்க.

சேலம் பிசியோ:
தையல் கடை அண்ணன் சொன்னதை என்கிட்ட வர்ற குடும்பங்களுக்கும் சொல்லப் போறேன்.

பக்கவாதம் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது. இதுல பெரிய சிக்கல், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு தெரியும். மூளையில அடிபட்ட இடத்தைப் பொறுத்து துக்கமே இல்லாம ஊக்கம் மட்டும் செத்துப்போறதும் உண்டு. அழுகையை அடக்கற பாதை கெட்டு, லேசா தூண்டினாலே கண்ணீர் கொட்டறதும் உண்டு. எதுன்னு வீட்டுல இருந்து முடிவு பண்ண முடியாது. அரசு தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க.

மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கிடாதீங்க. பிரிட்டன்ல 3,000 பேருக்கு மேல வெச்சு நடந்து 2018ல முடிவு வெளியான ஃபோகஸ் ஆய்வுல, ஃப்ளூவாக்ஸெடின்ங்கற மனச்சோர்வு மாத்திரை கை கால் மீட்சிக்கு உதவலை. மனச்சோர்வு குறைஞ்சது, ஆனா எலும்பு முறிவு கூடுச்சு. தடுமாறி நடக்கற ஆளுக்கு எந்த மருந்துன்னு டாக்டர்தான் எடை போடணும்.

முதல்ல அந்த பிளாஸ்டிக் சேரை மாத்துங்க, வழுக்கும். கைப்பிடி வெச்ச, முழங்கால் உயர மரச் சேர் போதும். வலது கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்பட்டை மூட்டு நழுவிடும். இடுப்புல பெல்ட் கட்டி அதைப் பிடிங்க. ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி சண்டை வேண்டாம். அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு, சேரைப் பிடிச்சுட்டு மூணு நிமிஷம் நின்னு உக்காரட்டும்.

2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுப்பாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க. ராத்திரியில மனசு ரொம்ப மோசமானா 14416க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண் அது. தமிழ்லயே பேசலாம், காசில்லை.

கரூர் மகள்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ராத்திரி அப்பாகிட்ட கேட்டுட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, "சாகணும்னு இல்ல சாமி, எதுக்கு எந்திரிக்கணும்னுதான் தெரியலை"ன்னார். அண்ணன் கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு இருந்தான். வியாழக்கிழமை மனநல டாக்டர்கிட்ட அவனே கூட்டிட்டுப் போறேன்னான்.

பையனோட ஸ்கூல் வேன் 4.20க்கு வரும். இன்னைக்கு வேணும்னே "எனக்கு அடுப்புல வேலை இருக்கு, வேன் வருதான்னு கேட்ல பார்த்துச் சொல்லுங்கப்பா"ன்னேன். கேட் பதினோரு எட்டு. அம்மா பின்னாடியே பெல்ட்டைப் பிடிச்சுட்டுப் போச்சு. வேன் ஒன்பது நிமிஷம் லேட். அதுவரைக்கும் கேட்டைப் பிடிச்சுட்டு நின்னார். திரும்பி வந்து, "தினமும் இப்படித்தான் வர்றானா?"ன்னு கேட்டார்.