கோவையா, திருப்பூரா? ஜூனுக்குள்ள வீடு பார்க்கணும், வழி சொல்லுங்க

தாம்பரத்திலிருந்து:
வணக்கம். ரொம்ப வருஷமா சென்னையில இருக்கோம். வீட்டுக்காரருக்குத் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில சீனியர் மெர்ச்சண்டைசர் வேலை (ஆர்டர் வந்ததுலருந்து சரக்கு அனுப்பற வரைக்கும் கவனிச்சுக்கறது) கிடைச்சிருக்கு, மே மாசம் சேரணும். எனக்கு ஐ.டி. வேலை. எங்க கம்பெனிக்குச் சரவணம்பட்டியிலயும் ஆபீஸ் இருக்கறதால மாற்றல் தர ஒத்துக்கிட்டாங்க. வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ், மீதி நாள் வீட்டிலிருந்தே வேலை. பெரியவ பத்தாவது எழுதியிருக்கா, சின்னவன் நாலாவது போகப் போறான். மாமியாரும் எங்களோடதான். போன வருஷம் ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சது, மூணு மாசத்துக்கு ஒருக்கா செக்கப்.

சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே பேச்சு: "கோயம்புத்தூர்ல இருந்துக்கோங்க, மாப்பிள்ளை ட்ரெயின்ல போயிட்டு வரட்டும், ஒரு மணி நேரம் கூட ஆகாது." அவரோ திருப்பூர்லயே வீடு எடுத்துடலாம்ங்கறார். ரெண்டு ஊருக்கும் கல்யாணம் காட்சின்னு வந்து போனதோட சரி. வாடகை 18,000 வரைக்கும் தாங்கும். தண்ணி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தா எது சரி வரும்?

சோமனூர்க்காரன்:
ட்ரெயின் யோசனை நல்ல யோசனைதாங்க. கோவை ஜங்ஷனுக்கும் திருப்பூருக்கும் 50 கிலோமீட்டர்தான். ஆனா எல்லா வண்டியும் எல்லா எடத்துலயும் நிக்காது. பாசஞ்சர் வண்டிதான் பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம்னு நின்னு போகும். சீசன் டிக்கெட் எடுத்துட்டா பஸ் செலவுல பாதி கூட ஆகாது. சிங்காநல்லூர், இருகூர் பக்கம் வீடு பாருங்க. எங்கூருல தினமும் ஒரு கூட்டமே இப்படித்தான் போயிட்டு வருது.

காங்கயம் ரோடு:
இருங்க இருங்க. திருப்பூர்ல வேலைன்னா எந்தத் திருப்பூரு? தண்டவாளம் ஊரை ரெண்டா வெட்டிப் போட்டிருக்குது. காங்கயம் ரோடு, தாராபுரம் ரோடு, பல்லடம் ரோடு ஒரு பக்கம், பி.என். ரோடு (பெருமாநல்லூர் ரோடு), அவிநாசி ரோடு, காலேஜ் ரோடு மறு பக்கம். முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில கம்பெனி இருந்தா ஒரு கணக்கு, மங்கலம் ரோட்டுல இருந்தா வேற கணக்கு. சாயந்திரம் ஷிப்ட் விடற நேரத்துல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள கோயமுத்தூரே போயிரலாம். கம்பெனி எங்கீங்க?

தாம்பரத்திலிருந்து:
ஈட்டிவீரம்பாளையம், நேதாஜி அப்பேரல் பார்க் பக்கம்னு சொன்னார்.

காங்கயம் ரோடு:
அப்புறம் ட்ரெயினை மறந்துருங்க. அது ஊருக்குள்ளயே இல்லை. அவிநாசியிலிருந்து பெருமாநல்லூர் போற பைபாஸ் மேல இருக்குது. ட்ரெயின்ல வந்தா திருப்பூர் ஸ்டேஷன்ல எறங்கி, நெரிசல்ல பி.என். ரோடு பூரா நகர்ந்து, வடக்கே போகோணும். இதைத்தான் உங்க சொந்தக்காரங்க யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

பீளமேடு:
ட்ரெயின் இல்லேன்னாலும் கோவைதான் சரி. அந்தப் பார்க்குக்கு நேஷனல் ஹைவேஸ் 544 நேரா போகுது, நீலாம்பூர்லருந்து ஆறு வழிச் சாலை. கோவைக்குள்ள வீடு எடுக்காதீங்க, கிழக்கு ஓரத்துல எடுங்க: சின்னியம்பாளையம், நீலாம்பூர், காளப்பட்டி. அவருக்கு ஒரு 35 கிலோமீட்டர் வரும், ஆனா டவுன் நெரிசலுக்குள்ள நுழையவே வேண்டாம். உங்களுக்குச் சரவணம்பட்டி காளப்பட்டி வழியா பக்கம். அத்தைக்கு கே.எம்.சி.எச். ஆஸ்பத்திரி அதே ரோட்டுல, பி.எஸ்.ஜி. அதுக்கும் உள்ள. உப்பிலிபாளையத்துலருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபர்ல திறந்தாச்சு, டவுனுக்குள்ள போறதும் இப்ப சுலபம். பொண்ணுக்குக் கோச்சிங் அது இதுன்னா கோவை கிட்ட திருப்பூர் நிக்க முடியாது.

ஒண்ணு மட்டும். கணியூர் டோல் நடுவுல வரும். ஃபாஸ்டேக் வருஷ பாஸ் 2025ல வந்தப்ப 3,000 ரூபாய்க்கு 200 தடவை. சனிக்கிழமையும் சேர்த்து மாசம் 26 நாள்னா போக வர 52 தடவை. ஒரு பாஸ் நாலு மாசம் கூட முழுசா வராது. மாசம் 800 ரூபாய் வாக்குல எடுத்து வையுங்க. பெட்ரோல் தனி.

மெர்ச்சண்டைசர் மச்சான்:
டோல் எல்லாம் ஒரு செலவே இல்லைங்க. நான் அந்த வேலையிலதான் இருக்கேன், அதனால சொல்றேன். காலையில ஒன்பதரைக்குப் போறது பிரச்சனை இல்லை. எப்ப வீட்டுக்கு வருவார்ங்கறதுதான் பிரச்சனை. சாயத்துல ஷேடு மாறிடுச்சு, பிரிண்டிங்ல துணி நிக்குது, நாளைக்கு பையரோட (சரக்கு வாங்கற வெளிநாட்டுக் கம்பெனியோட) இன்ஸ்பெக்ஷன், நாளன்னிக்கு தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஏறணும்னா ராத்திரி பதினொண்ணு, பன்னெண்டு ஆகும். பேக்கிங் செக்ஷன்லயே நிக்க வேண்டியிருக்கும். போதாததுக்கு அமெரிக்கா பையர்கிட்ட மீட்டிங்னா நம்ம ராத்திரிதான் அவனுக்குக் காலை. அப்படி ஒரு நாள் முடிச்சுட்டு லாரிக்கு நடுவுல தூக்கக் கண்ணோட 35 கிலோமீட்டர் ஓட்டணும். வாரத்துல ஒரு நாள்னா சரி. ஷிப்மெண்ட் சீசன்ல தொடர்ந்து வரும். எங்க செக்ஷன்ல கோவையிலிருந்து வந்துட்டிருந்தவங்க பாதிப்பேர் இப்ப இங்கேயே ரூம் எடுத்துத் தங்கிட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போறாங்க. குடும்பத்தோட இருக்கணும்னுதானே சென்னையை விட்டு வர்றீங்க?

பீளமேடு:
கம்பெனியில கேப் கேட்டு வாங்கலாமே.

மெர்ச்சண்டைசர் மச்சான்:
கேட்கலாம். ஆஃபர் லெட்டர்ல எழுதி வாங்குங்க, வாய்ப் பேச்சா வேண்டாம்.

அவிநாசி மருமகள்:
அக்கா, ரெண்டு ஊரையும் சொல்றாங்களே தவிர நடுவுல இருக்கற எங்க ஊரை யாருமே சொல்லலையே! அவிநாசியிலிருந்து அந்தப் பார்க் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டருக்குள்ளதான், பைபாஸ்லயே போயிடலாம், டோலும் இல்லை. அண்ணன் ராத்திரி எந்நேரம் ஆனாலும் கால் மணி நேரத்துல வீடு. திருப்பூர் டவுனுக்கு 14 கிலோமீட்டர், டவுன் பஸ் வந்துட்டே இருக்கும். உங்களுக்குச் சரவணம்பட்டிக்கு ரெண்டு வழி இருக்கு. ஹைவேயில போய் நீலாம்பூர், காளப்பட்டி வழியா ஒண்ணு. அன்னூர் போய், கோவில்பாளையம் வழியா சத்தி ரோட்டுல இறங்கறது இன்னொண்ணு, அதுல டோல் கிடையாது. எப்படிப் போனாலும் ஒரு மணி நேரம் வெச்சுக்கோங்க. வாரம் ரெண்டு நாள்தானே.

குறையும் சொல்லிடறேன். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல ஊர் அடங்கிடும். மால், தியேட்டர்னா திருப்பூரோ கோவையோதான். சித்திரைத் தேர் சமயத்துல வண்டியை வெளியே எடுக்கவே முடியாது, ஆனா அதைக் குறைன்னு சொன்னா எங்க மாமியார் அடிப்பாங்க.

நொய்யல் கரை:
தண்ணியைப் பத்தி யாரும் பேசலை. கோவைன்னா சிறுவாணின்னு எல்லாரும் நாக்கைச் சப்புக் கொட்டறாங்க. ஆனா கோவை முழுக்கச் சிறுவாணி ஓடறதில்லை. வடக்கு, கிழக்குப் பக்கம் பில்லூர்த் தண்ணிதான் பெரும்பாலும். பில்லூர் அணை பவானி ஆத்து மேல. திருப்பூருக்கும் மேட்டுப்பாளையத்துலருந்து அதே பவானி வருது. ஆக, சின்னியம்பாளையத்துல வீடு எடுத்துட்டு சிறுவாணி குடிக்கிறதா நினைச்சுக்காதீங்க.

உண்மையான வித்தியாசம் போர் தண்ணியிலதான். திருப்பூர்ல நொய்யல் ஓரம், பழைய சாயப்பட்டறைப் பக்கம் நிலத்தடித் தண்ணி கெட்டுப் போனது கெட்டதுதான். 2011 ஜனவரியில ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்புறம் கழிவை முழுசாச் சுத்திகரிச்சு திரும்பப் பயன்படுத்தற முறை வந்துச்சு, ஆனா நிலத்துக்குள்ள போன உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. எங்கே வீடு பார்த்தாலும் நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, உப்புத் தண்ணிக்குத் தனி டேங்க் இருக்கான்னு கேளுங்க. புரோக்கர்கிட்ட கேட்டா "தினமும் வருதுங்க"ம்பான். பக்கத்து வீட்டுல கேளுங்க. தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், ஒண்ணு கையில கொண்டு போங்க.

தாம்பரத்திலிருந்து:
எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்லணும். பாதிப் பதில் அவர் வேலையை வெச்சே வருது, என் வேலையை "ரெண்டு நாள்தானே"ன்னு தள்ளிடறீங்க! ஹெச்.ஆர்.கிட்ட இன்னிக்குக் கேட்டேன். இந்த வருஷம் மூணு நாள் ஆகலாமாம், அஞ்சு நாள்ங்கற பேச்சு இப்போதைக்கு இல்லையாம். இன்னொண்ணு, பொண்ணு நீட் எல்லாம் எழுதப் போறதில்லை. காமர்ஸ் எடுத்து சி.ஏ. படிக்கணும்ங்கறா. அப்பவும் கோவைதான் நல்லதா?

பீளமேடு:
மூணு நாள்னா நான் இன்னும் அழுத்திச் சொல்லுவேன். இன்னிக்கு மூணு, நாளைக்கு அஞ்சு. ஐ.டி. கம்பெனி பேச்சை நம்பி வீடு எடுக்காதீங்க.

காங்கயம் ரோடு:
காமர்ஸ்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மிணி! சி.ஏ.வுக்குத் திருப்பூர் எந்த ஊருக்கும் குறைஞ்சதில்லை. ஜி.எஸ்.டி. ரீஃபண்டு, ஏற்றுமதி கணக்குன்னு சின்னச் சின்ன பனியன் கம்பெனிக்கெல்லாம் ஆடிட்டர் வேணும். சி.ஏ. இன்டர் முடிச்சு ஆடிட்டர்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சிக்கு ரெண்டு வருஷம் போறப்ப, எக்ஸ்போர்ட் ஃபைலைக் கையில தொட்டுப் பார்க்கற வாய்ப்பு இங்க கிடைக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ காமர்ஸ் அவிநாசியிலயும் இருக்குது, திருப்பூர்லயும் இருக்குது.

ஆனா எங்கே சேர்த்தாலும் ரெண்டு வருஷமும் அதே பள்ளிக்கூடம்னு முடிவு பண்ணிட்டுச் சேருங்க. 2025-26லிருந்து ஸ்டேட் போர்டுல பதினொண்ணாவதுக்குப் பொதுத்தேர்வு இல்லைங்கறதால, வருஷக் கடைசியில மாத்திக்கலாம்னு சில பேர் நினைக்கறாங்க. பல பள்ளிக்கூடத்துல பன்னெண்டாவது பாடத்தை முன்னாடியே ஆரம்பிச்சிருவாங்க, நடுவுல போற புள்ளைக்குத்தான் சிரமம். சி.பி.எஸ்.இ.ன்னா பன்னெண்டாவதுல பள்ளி மாத்த போர்டு அனுமதியே வேணும்.

மெர்ச்சண்டைசர் மச்சான்:
அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒரே தொழிலை நம்பி இருக்கற ஊரு இது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப எங்க ஆர்டர் பாதி நின்னு போச்சு, சம்பளத்தைத் தள்ளிப் போட்டாங்க. அவர் சேர்ற கம்பெனி யாருக்குத் தைக்குது, ஒரே பையரை நம்பி இருக்கான்னு விசாரியுங்க. வாடகைக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுல உறுதியா இருங்க, சொந்த வீடு இப்ப வேண்டாம். போக்கியத்துக்கும் போகாதீங்க, பெரிய தொகை மாட்டிக்கும். மாச வாடகை போதும்.

அவிநாசி மருமகள்:
அத்தைக்கு ஒரு யோசனை அக்கா. மூணு மாசச் செக்கப்புக்குக் கோவை போறது ஒண்ணும் பெரிசில்லை, நம்ம ஊர்லருந்து கே.எம்.சி.எச். ஹைவே மேலயே 30 கிலோமீட்டர் வாக்குல வரும். நெஞ்சு வலின்னு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தா எங்கே போறதுங்கறதுதான் கேள்வி. திருப்பூர்ல 24 மணி நேரமும் ஆஞ்சியோ பண்ற எடம் எதுன்னு முதல் வாரமே நேர்ல போய்க் கேட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் அங்கேயும் ஒரு காப்பி குடுத்து ஃபைல் போட்டு வெச்சுடுங்க. எங்க மாமனாருக்கு அப்படித்தான் செஞ்சிருக்கோம்.

தாம்பரத்திலிருந்து:
வீட்டுல உக்காந்து பேசினோம். தினமும் போறவர் அவர், நேரங்கெட்ட நேரத்துல வர்றவரும் அவர். பொண்ணு பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கணும். செக்கப்புக்கு வருஷத்துல நாலு தடவைதான் போகணும். என் பாடுதான் இழுபறி. மூணு நாள்னா அன்னூர் வழியா ஓட்டிடுவேன், அஞ்சு நாள்னு வந்தா அன்னிக்கு மறுபடி சண்டை போட்டுக்கலாம்னு பேசி முடிச்சாச்சு. பன்னெண்டாவது முடியற வரைக்கும் அவிநாசி, வாடகைக்கு. பீளமேடு சார் கோவிச்சுக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை வர்றோம். ரெண்டு வீடு பார்த்து வெச்சிருக்கார், ஒண்ணு சேவூர் ரோட்டுல, ஒண்ணு பைபாஸை ஒட்டி. வேற என்ன பார்க்கணும்?

பீளமேடு:
கோவமெல்லாம் இல்லைங்க. அஞ்சு நாள் ஆனதும் காளப்பட்டியில வீடு கேட்டு இங்கேயே வருவீங்க, நானே பார்த்துத் தர்றேன்.

நொய்யல் கரை:
பைபாஸை ஒட்டின வீட்டுல ராத்திரி கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, லாரி ஹாரன்ல பொண்ணு படிக்க முடியுமான்னு தெரிஞ்சிடும். அந்த வீட்டுக்குப் பக்கத்துல விசைத்தறி ஓடுதான்னும் கேளுங்க, ஞாயித்துக்கிழமை தறி நின்னுருக்கும், சத்தம் தெரியாது.

அவிநாசி மருமகள்:
சேவூர் ரோட்டு வீடுன்னா எந்தத் தெருன்னு எனக்குத் தனியா அனுப்புங்க அக்கா. அந்தப் பக்கம் என்னிக்கு நல்ல தண்ணி விடறாங்கன்னு கேட்டு சனிக்கிழமைக்குள்ள சொல்லிடறேன்.