உட்கரு இல்லாத செல்லுக்கு உயிர் உண்டா?

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு செல் பாடம் சொல்லிக்கொடுக்கப்போய் மாட்டிக்கொண்டேன்.

வெங்காயத்தின் உள்சவ்வை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் காட்டினேன். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள், உள்ளே பழுப்பாக ஒரு பொட்டு. அதுதான் உட்கரு என்றதும் துள்ளிக் குதித்தாள். "தாவர செல்தானே, பசுங்கணிகம் எங்கே?" என்றாள். ஒளிச்சேர்க்கை செய்யும் அந்தப் பச்சை நுண்ணுறுப்பு, வெங்காயம் மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் வளர்வதால் இல்லை என்றேன் (சரிதானே?).

அப்புறம்தான் வினை. உட்கருதான் செல்லின் மூளை என்று வாய்விட்டிருந்தேன். மனிதச் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் இருக்காது, ஆனாலும் சுமார் 120 நாள் ஓடும் என்று எங்கோ படித்துவிட்டு, "மூளை இல்லாமல் எப்படி? அதுக்கு உயிர் இருக்கா இல்லையா?" என்று பிடித்துக்கொண்டாள்.

ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து அது ஆற்றல் பெறுகிறது என்பதுவரை சொல்லிவிட்டேன். ஆனால் பிளவுபடவே முடியாத ஒன்றை உயிருள்ள செல் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? உயிரியல் நடத்துபவர்கள் நல்ல உவமை இருந்தால் சொல்லுங்கள். நாளை மாலைவரை தவணை வாங்கியிருக்கிறேன்.