புதுப்பிப்பு: ஸ்பீக்கிங் தேர்வில் சைக்கிள் கேள்வி
ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் ஸ்பீக்கிங்கில் (பேச்சுத் தேர்வு) சைக்கிள் பற்றிக் கேட்டால் மூன்று வாக்கியம் போதும் என்று முன்பு எழுதியது சின்னச் சின்னக் கேள்விகள் வரும் முதல் பகுதிக்கு மட்டுமுங்க. இரண்டாம் பகுதியில் கொடுக்கும் தலைப்புக்கு 1 நிமிடம் தயாராகி, 2 நிமிடம் வரை பேசணும்.

நம்மாளுங்க அதிகம் தவறுவது 'இன் சைக்கிள்'. 'சைக்கிள்ல போறேன்' என்பதை அப்படியே மாற்றுவதால் வருவது அது. 'பை பைசிக்கிள்', 'ஆன் மை பைசிக்கிள்' இரண்டும் சரி. உச்சரிப்பு 'பைசைக்கிள்' அல்ல, 'பைசிக்கிள்', அழுத்தம் 'பை'யில். 'பஞ்சர்' வேண்டாம், 'பங்க்ச்சர்'.

'ஐ லைக் சைக்கிளிங்' என்று நிறுத்திடாதீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்கிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் வீசும் ஆடிக்காற்றையே சொல்லலாம்: 'ரைடிங் வெஸ்ட் இன் ஜூலை, ஐ ஃபேஸ் எ ஸ்ட்ராங் ஹெட்விண்ட், ஸோ ஐ ஷிஃப்ட் டு எ லோயர் கியர்.' எதிர்க்காற்றுதான் ஹெட்விண்ட். சொந்த ஊர் விவரம் இருந்தால் மனப்பாடம் மாதிரித் தெரியாதுங்க.