மாயன் கணக்கில் பொங்கல் தேதி: 2 நாள் உதைக்குது

அரூர் மாணவி: பள்ளிக் கண்காட்சிக்காக 15-1-2024 பொங்கலை மாயன் நீள்கணக்கில் (மாயா மக்கள் நாட்களை வரிசையா எண்ணின முறை) எழுதறேன். 21-12-2012, அதாவது 13.0.0.0.0-லிருந்து 4040 நாள் வருது. சரியா சார்?

ஓசூர் கணக்கு வாத்தியார்: நீ 11 ஆண்டை 365-ஆல் பெருக்கி 25 கூட்டியிருக்கேம்மா. 2016, 2020 லீப் நாள் விட்டுப்போச்சு. 4042-தான் சரி. 360-ஆல் வகு: 11 துன் (360 நாள் ஆண்டு), மீதி 82. அதை 20-ஆல் வகு: 20 நாள் மாதம் 4, மீதி 2 நாள். விடை 13.0.11.4.2. நீள்கணக்குக்கு ஆண்டு 360 நாள், 365 இல்லை. அட்டையில் பெரிசா எழுதிடு.

பென்னாகரம் அண்ணன்: 365 நாள் ஹாப்ங்கிற மாயன் நாட்காட்டி தனி: 18 மாதம், தலா 20 நாள், கடைசியில் 5. லீப் கிடையாது, அதனால் நாலு வருஷத்துக்கு ஒருமுறை அதன் புத்தாண்டு நம்ம தேதியில் ஒருநாள் முன்னாடி வந்துடும். 260 நாள் சோல்கின்ங்கிற இன்னொரு மாயன் நாட்காட்டியோடு சேர்ந்து 52 ஹாப் ஆண்டில் சுற்று முடியும். நம்ம பிரபவ–அட்சய 60 மாதிரி.